நஞ்சும் முறிமருந்தும் பிணையும் இடம்

அவையோரே, மாணவ நண்பர்களே! மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்து வயல்களில் நல்ல பாம்பு தீண்டியவரை மதுரைக்குத் தூக்கி வரும்போது, அவர் உயிர் இரண்டு புரதப் பிணைப்புகளுக்கு நடுவே நிற்கிறது. நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு மூன்று விரல் விரித்தாற்போல் மடிந்த சிறு புரதம். அதன் நடுவிரல் நுனியிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், நரம்பின் செய்தியை வாங்கத் தசையிலிருக்கும் ஏற்பிப் புரதத்தின் இடுக்கில் நுழைந்து, அச்செய்தியைக் கொண்டுவரும் அசிட்டைல்கோலினுக்குரிய இடத்தை அடைத்துவிட, மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. முறிமருந்தின் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) அந்த நஞ்சை முன்னதாகவே பற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தகைய பிணைப்பைக் கணினியால் முன்கூட்டிச் சொல்லும் முயற்சி பழையது. 1992இல் கட்சால்ஸ்கி-கட்சிர் குழுவினர் இரு புரதங்களையும் நெகிழாத கட்டைகளாகக் கொண்டு, ஒன்றைச் சுழற்றி மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கும் கணக்கை ஃபூரியே உருமாற்றம் என்ற கணித உத்தியால் விரைவாக்கினர். ஆனால் புரதங்கள் பிணையும்போது வளைந்து கொடுப்பவை. விடை தெரியாமல் கணித்து, பின்னர் ஆய்வக முடிவோடு ஒப்பிடும் ‘காப்ரி’ தேர்வு 2001இல் தொடங்கிய பிறகு இந்தக் குறை மறைக்க முடியாததாயிற்று.

2021இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட்-மல்டிமர் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், இரு புரதங்களும் பரிணாமத்தில் சேர்ந்து மாறிய தடயங்களைப் படித்துப் பெரும் முன்னேற்றம் கண்டது. எதிர்ப்புரதத்துக்கும் நஞ்சுக்கும் இடையே அத்தகைய நெடுங்காலக் கூட்டு வரலாறு இல்லை. ஆகவே நமக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது தடுமாறியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரையில் தெரியும் அழகிய படம் பிடிப்பின் வலிமையைச் சொல்வதில்லை. மனித வளர்ச்சி ஹார்மோனும் அதன் ஏற்பியும் தொடும் பரப்பில், பிணைப்பாற்றலின் பெரும்பகுதி சில அமினோ அமிலங்களிலேயே குவிந்திருப்பதை 1995இல் கிளாக்சனும் வெல்ஸும் காட்டினர். அந்தச் சிலவற்றில் ஒன்றை மாற்றினால், படத்தில் பெரிய மாற்றமின்றியே பிடி தளர்ந்துவிடலாம். தன் கணிப்பில் தனக்குள்ள உறுதியைக் காட்ட நிரல் தரும் நம்பிக்கை மதிப்பெண்ணைப் பிணைப்பு வலிமையாக எடுத்துக்கொள்ளும் ஆய்வேடுகளைக் கண்டால் எனக்குச் சலிப்பே வருகிறது.

நிரலின் பயிற்சிக்கும் தேர்வுக்குமான தரவை யோசிக்காமல் பிரித்துச் சோதிப்பதும் அதே வகைத் தவறுதான்: பயிற்சியில் கண்ட புரதத்தின் நெருங்கிய உறவுப் புரதத்தையே தேர்விலும் வைத்தால், எந்த நிரலும் முதல் வகுப்பில் தேறும். ஒரு குடும்பத்துப் புரதங்களை முழுவதுமாக ஒரு பக்கத்திலேயே வைத்துப் பிரிக்க வேண்டும்.

2025இல் புரத வடிவமைப்பு ஆய்வாளர் டேவிட் பேக்கரின் குழுவினர் மூவிரல் நஞ்சுகளைப் பற்றும் புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்து, எலிகளைக் காத்தனர். வரைந்தவற்றை ஆய்வகத்தில் சோதித்துப் பொறுக்கியதால் கிடைத்த வெற்றி அது. அத்தகைய சோதனைகளில் பிணையாமல் போனவற்றின் அளவீடுகளும் வெளியிடப்பட்டால்தான், எது ஒட்டாது என்பதை நிரல்களுக்குக் கற்பிக்க முடியும்.