1,800 மணி நேரம் ஓடின பழைய மினி டிராக்டர்: எதைப் பார்த்து வாங்கறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம்ங்க. அடுத்த கேள்வி அந்தியூர் பக்கத்துல இருந்து வந்திருக்குது, படிச்சிடறேன். "மூணு ஏக்கர் தென்னை, ஊடுபயிரா வாழை. வாடகை டிராக்டர் நேரத்துக்கு வர்றதில்லை. கோபிப் பக்கம் 24 எச்.பி. நாலு வீல் டிரைவ் மினி டிராக்டர் ஒண்ணு விலைக்கு வருது. 2019 மாடல், மீட்டர்ல 1,800 மணி காட்டுது. எஞ்ஜின் நல்லா இருக்குதுன்னு மெக்கானிக் சொல்றார். வாங்கலாமா?"

நல்ல கேள்விங்க. எஞ்ஜின் நல்லா இருந்தா நல்லதுதான். ஆனா மினி டிராக்டர்ல வாங்கினவங்களுக்குப் பெரிய செலவு வைக்கறது பெரும்பாலும் எஞ்ஜின் இல்லீங்க. முன் ஆக்சில், பின்னாடி கருவியைத் தூக்கற லிப்ட், கிளட்ச், இந்த மூணும்தான். அது மூணும் எப்படி இருக்கும்னு தெரியணும்னா, அந்த வண்டி எத்தனை மணி ஓடுச்சுங்கறதை விட என்ன வேலைக்கு ஓடுச்சுன்னு கேட்கணும்.

1,800 மணிங்கறது இந்த வயசுக்கு நியாயமான கணக்குதான். சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஓடற வண்டி வருஷத்துக்கு 200, 300 மணி போகும். வாடகைக்கு ஓடினா அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. ஆனா மீட்டரை மட்டும் நம்பாதீங்க. கேபிள் வெச்ச மீட்டர் எஞ்ஜின் வேகத்தை வெச்சு ஓடறது. மெதுவா ஓட்டினா, ஒரு மணி நேரம் ஓடினாலும் மீட்டர்ல ஒரு மணி ஏறாது. கேபிள் அறுந்து போயி ஒரு வருஷம் கண்டுக்காம ஓட்டின வண்டியும் இருக்குது. அதனால கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்க, கோடு இருக்குதா வழுவழுன்னு தேஞ்சிருக்குதான்னு. டிரெய்லர் மாட்டற டிராபார் ஓட்டையில விரலை விட்டுப் பாருங்க. ஓட்டை வட்டமா இருக்கணும். முட்டை மாதிரி நீண்டிருந்தா நிறைய லோடு இழுத்த வண்டி. பின்னாடி கருவி மாட்டற கீழ்க் கை, அதாவது லோயர் லிங்க், அதோட நுனியில இருக்கற உருண்டையை ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடக்கூடாது. இதையெல்லாம் பெயின்ட் அடிச்சு மறைக்க முடியாதுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். வண்டி கோபியில இருந்து வருதுன்னு எழுதியிருக்கீங்க. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயற ஊருங்க அது, நெல் வயல் நிறைய. அதனால முதல் கேள்வியா "சேத்து உழவுக்கு ஓடுச்சுங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னாலும் பின் வீல் டிஸ்க்கைப் பாருங்க. சேத்து உழவுக்கு மாட்டற இரும்புச் சக்கரம், அதான் கேஜ் வீல், மாட்டின வண்டின்னா போல்ட் பக்கத்துல இரும்பு உரசின தழும்பு இருக்கும்.

சேத்துல ஓடினா என்ன ஆகுதுன்னா, நாலு வீல் டிரைவ் வண்டியில முன் வீல் ஒவ்வொண்ணுக்குள்ளயும் பல் சக்கரம் இருக்கற சின்னப் பெட்டி இருக்குது. வயல்ல அந்தப் பெட்டி முழுசா சேத்துத் தண்ணிக்குள்ள போயிடுது. ஆயில் சீல்ல ஒரு முடி அளவு தேய்மானம் இருந்தாலும் மண்ணும் தண்ணியும் உள்ள ஏறும். வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது. ஆயில்ல தண்ணி கலந்தா வழவழப்பு போயிடும், பேரிங்கும் பல்லும் சீக்கிரமே தேஞ்சிடும். இதோட உதிரி பாகம் விலை ஜாஸ்திங்க, சிறு பட்டறையில செஞ்சு குடுக்கவும் முடியாது.

பார்க்கறது சுலபம். வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு, காலையில முன் ஆக்சில்ல ஆயில் வடிக்கற டிரெய்ன் போல்ட்டை அரைச் சுத்து மட்டும் தளர்த்துங்க. தண்ணி ஆயிலை விட கனம், அடியில தங்கியிருக்கும், அதனால முதல்ல அதுதான் வெளிய வரும். வெறும் தண்ணி சொட்டினாலோ, பால் ஊத்தின காபி மாதிரி வந்தாலோ, சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். கறுப்பா, கெட்டியா ஆயிலே வந்தா சந்தோஷம், போல்ட்டை முடுக்கிடுங்க. விக்கறவர் தொடக்கூடாதுன்னு சொன்னா, அந்த வண்டி வேண்டாம்ங்க.

அடுத்து, பின் வீலுக்குக் கல் வெச்சுட்டு முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை குடுத்து நிறுத்துங்க. எஞ்ஜின் ஆஃப்ல, கியர்ல போட்டு, நாலு வீல் லீவரையும் போடுங்க. இப்ப ஒரு முன் வீலைக் கையால முன்னாடி சுத்தினா எதிர் வீல் பின்னாடி சுத்தணும். திருப்பித் திருப்பி ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். கடக் கடக்குன்னு சத்தத்தோட கால் சுத்து காலியா சுத்துச்சுன்னா உள்ள பல் தேஞ்சிருக்குது. வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா பேரிங் ஆட்டமும் தெரிஞ்சிடும். அப்படியே முன் ஆக்சிலை நடுவுல தாங்கற சென்டர் பின்னையும் கடப்பாரை குடுத்து நெம்பிப் பாருங்க. அதோட புஷ் தேயறது சகஜம், அதுக்கு விலையைக் குறைச்சாப் போதும்.

டயரும் ஒரு சாட்சிதாங்க. நாலு வீல் போட்டா முன் வீல் பின் வீலை விட ஒரு சில சதவீதம் வேகமா உருளற மாதிரிதான் கம்பெனியில கணக்குப் போட்டிருக்காங்க. இளக்கமான மண்ணுல அது சரியா இருக்கும். தார் ரோட்டுல லீவரை எடுக்காம ஓட்டினா டயர் வழுக்க வழியில்லாம முன் டயரும் ஆக்சில் உள்ள இருக்கற பல்லும் சேர்ந்து தேயும். பின் டயர் பட்டை நல்லா இருந்து முன் டயர் மட்டும் மொட்டையா இருந்தா, இதுதான் நடந்திருக்கும். பின் டயரை வேற அளவுல மாத்தியிருந்தாலும் அந்தக் கணக்கு கெட்டுப் போகும். வண்டியோட வர்ற ஓனர் புத்தகத்துல இருக்கற டயர் அளவும் வண்டியில இருக்கறதும் ஒண்ணான்னு பார்த்துடுங்க.

லிப்ட்டைப் பொறுத்தவரைக்கும் ஒரே ஒரு விஷயம், ஆயில் சூடான பிறகு பாருங்க. ஆயில் குளிர்ந்து கெட்டியா இருக்கறப்ப தேஞ்ச சீலும் நல்ல சீல் மாதிரி வேலை செய்யும். மண்ணைக் கிளறற ரொட்டவேட்டரை மாட்டி அரை மணி நேரம் நிலத்துல ஓட்டச் சொல்லுங்க. பிறகு முழுசா தூக்கி, எஞ்ஜினை ஐடிலிங்ல விடுங்க. தூக்கின கருவி ஒரே இடத்துல நிக்கணும். கொஞ்சம் இறங்கி, உடனே மேல ஏறி, மறுபடி இறங்கித் தலையாட்டிட்டே இருந்தா, உள்ள ஆயில் கசியுது. எஞ்ஜினை ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் பாருங்க, மடமடன்னு தரைக்கு வரக்கூடாது. அந்த நேரத்துல கருவிக்கு அடியில கையோ காலோ வைக்காதீங்க.

கிளட்ச்சுக்கு, பெரிய கியர்ல போட்டு பிரேக்கை அமுக்கிட்டு மெதுவா கிளட்ச்சை விடுங்க. எஞ்ஜின் நின்னு போகணும். நிக்காம ஓடிட்டே இருந்தா கிளட்ச் பிளேட் வழுக்குது. பிளேட் விலை கொஞ்சம்தான், ஆனா மாத்தணும்னா வண்டியை நடுவுல ரெண்டாப் பிரிக்கணும், கூலி அதுலதான் போகும். ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கற பி.டி.ஓ. தண்டைக் கையால ஆட்டிப் பாருங்க, அதுல இருக்கற ஆறு வரிப் பல்லும் தேயாம இருக்கணும்.

எஞ்ஜினைச் சுருக்கமா சொல்லிடறேன். போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஓட்டி வெச்சிருக்காங்க. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கறப்ப மட்டும் திறங்க, தண்ணி மேல எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடாது. ஸ்டார்ட் ஆகி சூடான பிறகும் நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி, அதையே கவுத்து ஓட்டை மேல வெச்சுப் பாருங்க. லேசா ஆடலாம், தூக்கி எறியக்கூடாது. எறிஞ்சா ரிங்கும் லைனரும் தேஞ்சிருக்குது.

இன்னொண்ணு, சீட்டுக்குப் பின்னாடி மடக்கற இரும்பு வளைவு இருக்குதான்னு பாருங்க. மரத்துக்குக் கீழ போறதுக்கு இடைஞ்சல்னு கழட்டி மூலையில போட்டுடறாங்க. வரப்புல சாய்ஞ்சா ஓட்டறவர் உயிரைக் காப்பாத்தறது அதுவும் சீட் பெல்ட்டும்தான். அதையும் சேர்த்து வாங்கி, மாட்டிட்டு ஓட்டுங்க, தாழ்ந்த மட்டை இருக்கற இடத்துல மட்டும் மடக்கிக்கலாம்.

உங்க தோட்டத்துக்கு ஆகுமான்னா, 25 அடி இடைவெளித் தென்னைக்கு எந்த மினி டிராக்டரும் போகும். வாழை ஆறுக்கு ஆறு நட்டிருந்தா, இலையும் பக்கக்கன்னும் வந்த பிறகு அந்த ஆறடி ஆறடியா இருக்காது. மூணடி ரொட்டவேட்டர் போதும். அதனால விக்கறவர் வண்டியோட நாலடி ரொட்டவேட்டர் குடுத்தா அதுக்குத் தனி விலை போடாதீங்க. நெல்லு இல்லாம களை ஓட்டறது மட்டும்தான் வேலைன்னா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 மாதிரி 15 எச்.பி. ஒத்த சிலிண்டர், ரெண்டு வீல் டிரைவ் வண்டியையும் யோசிங்க. முன் வீலுக்குள்ள பல் பெட்டி இல்லாததால அந்த முன் ஆக்சில் பிரச்சனையே கிடையாது. ஆனா ஈரத்துல இழுவை கம்மி.

விலை பேசறப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்குது. விக்கறவங்க பல பேரு அவங்க வாங்கின பழைய விலையை வெச்சுப் பேசறாங்க. நீங்க இன்னைக்குப் புது வண்டி விலையை ஷோரூம்ல எழுதி வாங்கிட்டுப் போங்க. அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல கேட்டா புதுசே வாங்கறது மேல்.

பேப்பர்ல, ஆர்.சி.யில இருக்கற சேசிஸ் நம்பர், எஞ்ஜின் நம்பர் ரெண்டையும் வண்டியில இருக்கறதோட எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டா கடன் இருக்குதான்னு தெரியும். கடன் இருந்தா, அது தீர்ந்ததுக்கு பேங்க்ல இருந்து என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வாங்காம பணம் குடுக்காதீங்க. பேர் மாத்த படிவம் 29, 30. வாங்கின நீங்க 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுல குடுக்கணும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்திக்குங்க. மானியத்துல வாங்கின வண்டின்னா, விக்கறதுக்குத் தடை இருக்குதான்னு வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. டிரெய்லரும் சேர்த்துத் தர்றாங்கன்னா அதுக்குத் தனி ஆர்.சி. இருக்குதான்னு கேளுங்க.