குதிரையின் வயிற்றில் கட்டும் நீலத் துணி: நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஜப்பானின் பழைய துணிகளைப் பற்றிய காணொளியைப் பார்த்த ஒரு நேயர் கேட்கிறார்: "குதிரையின் வயிற்றில் நீலத் துணி கட்டியிருக்கிறதே, அதிலுள்ள கொக்கு அச்சடித்ததா, வரைந்ததா? அந்த வழக்கம் இப்போதும் இருக்கிறதா?"

நல்ல கேள்வி. அதன் பெயர் ஹராகாகே. வண்டி இழுத்து, சுமை தூக்கி, வயலில் உழைத்த குதிரைக்குத் திருவிழா நாளில் கட்டிவிடும் துணி. பெரும்பாலும் பருத்திதான். எடோ காலத்தில் (1603–1868) உழவர்கள் பட்டு உடுத்தத் தடை இருந்தது. அதனால் அழகையெல்லாம் பருத்தியிலும் சாயத்திலும்தான் காட்டினார்கள்.

சரி, கொக்குக்கு வருவோம். அது அச்சு இல்லை, கையால் வரைந்தது. ஆனால் வரைந்தது சாயத்தால் அல்ல, பசையால். பசையரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்துப் பிசைந்து, மருதாணிக் கோன் மாதிரி ஒரு காகிதக் கூம்பில் அடைத்து, துணிமேல் பிழிந்துகொண்டே போவார்கள். ஈரத்தில் கூம்பு ஊறிவிடாமல் இருக்க, காகிதத்துக்குக் காக்கி (பெர்சிமன்) என்ற பழத்தின் துவர்ப்புச் சாற்றைப் பூசியிருப்பார்கள். இந்த முறைக்கு ட்சுட்சுகாகி என்று பெயர்.

பசை காய்ந்ததும் துணியை நீலச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகும். கருநீலம் வேண்டுமானால் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். அந்த நீலம் நம் அவுரி இல்லை, அங்கே விளையும் வேறொரு செடி. கடைசியில் பசையைக் கழுவினால், அது இருந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். நீங்கள் பார்த்த கொக்கு, சாயமே படாத துணி! கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்திருப்பதைக் கவனியுங்கள். அது பிழிந்த கையின் அழுத்தம். எனக்கு இதில் மிகப் பிடித்ததே அந்தக் கோடுதான். கொக்கு நீண்ட ஆயுளுக்கு. பக்கத்தில் வட்டமாக இருப்பது பெரும்பாலும் குடும்ப முத்திரை.

அப்புறம், குதிரையை அலங்கரிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இவாதே மாநிலத்தில் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை 'சாகு சாகு உமாக்கோ' விழா. அங்கே நீல ஹராகாகேயைத் தேடாதீர்கள். பல வண்ணத் துணிகளும் நிறைய மணிகளும்தான் இருக்கும். மணிச் சத்தம்தான் அந்த 'சாகு சாகு'. தாகிஸாவாவில் உள்ள கோயிலிலிருந்து மோரியோகா வரை சுமார் 14 கிலோமீட்டர், முதுகில் குழந்தைகளோடு குதிரைகள் நடந்து வரும். அந்த வட்டாரத்தில் ஆளும் குதிரையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீடுகள் இருந்தன. அப்படி உடன் வாழ்ந்த குதிரைக்கு நன்றி சொல்லும் விழா இது.