13,500 ரூபாய்க்கு ஒரு குழாய் வாங்கினேனுங்க

வணக்கமுங்க, வாங்க வாங்க. இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் இல்ல, நான் கடுப்புல இருக்கேன். பின்னாடி நம்ம பெருசு பானட்டத் தொறந்து நிக்குது பாருங்க. புதுசா வந்தவங்களுக்கு: 2012 டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் கார், 1.8 பெட்ரோல், அப்பாவோட வண்டி. மத்தவங்களுக்கெல்லாம் இவர் கிளட்சுக்கு நான் எவ்ளோ அழுதேன்னு தெரியும்.

மேட்டர் இதுதான். போன வாரம் ஒரு கடைக்குப் போனேன். பேர் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. அங்க ஒருத்தர், "பாஸ், உங்க வண்டில மேஃப் சென்சார்தான் மூச்சப் புடிக்குது, அது ஒரு அளவுக்கு மேல காத்த விடாது. இந்தப் பெரிய குழாயப் போடுங்க, 15 ஹெச்பி ஏறும்"னார். மேஃப்னா எஞ்சினுக்குள்ள போற காத்த அளக்கற சென்சார், குழாய்னா அந்தக் காத்து போற பாதை. நானும் தலையாட்டினேன். நான்! போன வருசம் ஏர் பில்டர் வீடியோல இதே ஏமாத்து வேலையக் கிழிச்சவன்! கமென்ட்ல வெச்சு செய்ங்க, வாங்கிக்கறேன்.

கிட்டு 13,500. அதக்கூட விடுங்க. மாட்டுக்கூலி 700 ரூபா! ரெண்டு கிளாம்ப், நாலு போல்ட், 25 நிமிசம். அதுல பத்து நிமிசம் அவர் போன் பேசிட்டு இருந்தார். பேச்சுக்கும் சேத்து நான்தான் காசு குடுத்திருக்கேன். 700 ரூபாய்க்கு நம்ம ஏரியால வண்டிய உள்ளயும் வெளியயும் கழுவி, பாலிஷ் போட்டு, டீயும் வாங்கித் தருவாங்க. அம்மாகிட்ட மொத்தமே 3,000னு சொல்லி வெச்சிருக்கேன். அம்மா இந்த சேனல் பாக்கறதில்ல, நீங்களும் போட்டுக் குடுத்துடாதீங்க.

வெளிய வந்தவுடனே சத்தம் சூப்பரா இருந்துச்சு, பொய் சொல்லல. ஒரு உறுமல். அந்த உறுமல்தான் மனசுக்குள்ள 15 ஹெச்பியா மாறுது. ரெண்டாம் நாள் செக் எஞ்சின் லைட். எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்றதப் படிக்கற டாங்கிள சொருகினா பி 0171னு கோளாறு கோடு, அதாவது லீன், பெட்ரோல் பத்தல.

இப்ப மேஃப் என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம். காத்துப் பாதைல ஒரு மெல்லிசான கம்பி. அத சுத்தியிருக்கற காத்த விட இவ்ளோ சூடு அதிகமா வெக்கணும்னு கணக்கு. காத்து ஓட ஓட கம்பி ஆறும், திரும்ப சூடாக்க கரென்ட் வேணும். எவ்ளோ கரென்ட் போச்சோ அத வெச்சு, செகண்டுக்கு எத்தன கிராம் காத்து உள்ள போகுதுன்னு ஈசியூ, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், புரிஞ்சுக்கும். அவ்ளோதான். அது மளிகைக்கடைத் தராசு மாதிரி. தராச மாத்தினா அரிசி அதிகமாகுமா?

நம்ம வண்டிக்கே கணக்குப் போடுவோம். 1,798 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக்குங்கறதால ஒரு சுத்துக்கு அதுல பாதி, 0.9 லிட்டர். கம்பெனி சொல்ற 140 பிஎஸ் (ஏறக்குறைய ஹெச்பிதான்) வர்றது 6,400 ஆர்பிஎம்ல. செகண்டுக்கு ஏறக்குறைய 96 லிட்டர். நம்ம கோயமுத்தூர் வெயில்ல ஒரு லிட்டர் காத்து 1.1 கிராம்தான் இருக்கும். சிலிண்டரும் முழுசா ரொம்பாது, ஒரு 92 சதவீதம் வெச்சுக்கங்க. 97 கிராம். பழைய குழாய் இருந்தப்ப நான் எடுத்த ரீடிங்கும் 97, ஒரு தடவ 98. அந்த டாங்கிள் மெதுவாத்தான் ரீடிங் தரும், அதனால முதல் கியர்ல நாலு தடவ முறுக்கிப் பாத்தேன். விடிகாலை அஞ்சு மணி, காலி ரோடு, திட்டாதீங்க.

ஒரு கிராமுக்கு சுமாரா 1.3 ஹெச்பினு ஒரு மனக்கணக்கு இருக்கு. 97க்கு 126 வருது. கம்பெனி சொல்ற 140 கடல் மட்டத்துப் பக்கம் இருக்கற காத்துக்கு, இங்க அது கிடைக்காது. அப்பவே மல்டிமீட்டர் வெச்சும் பாத்தேன். அந்த சென்சார் 5 வோல்ட் வரைக்கும் பேசக்கூடியது, நம்மது 4ஐக்கூடத் தொடல. இன்னும் ஒரு மடங்கு காத்த அளக்க அதால முடியும்னே வெச்சுக்கங்க. டர்போ இல்லாத இந்த எஞ்சின் அத ரொப்பணும்னா 12,800 ஆர்பிஎம் சுத்தணும். பெருசு அதுக்கு முன்னாடியே பானட்டக் கிழிச்சிட்டு வெளிய வந்துரும்.

ஊட்டி வீடியோ ஞாபகம் இருக்கா, பெருசு இழுக்கவே மாட்டேங்குதுன்னு புலம்பினேனே? 2,240 மீட்டர் ஒசரம். அன்னைக்கு ரீடிங் 81. சென்சார் அதேதான், குழாயும் அதேதான். மேல காத்தே மெல்லிசு.

அப்ப "சென்சார் மூச்சப் புடிக்கும்"னு எவன் கெளப்பி விட்டான்னா, முழுப் பொய்யும் இல்லீங்க. அந்தக் காலத்துல கம்பி கிடையாது, ஸ்பிரிங் வெச்ச ஒரு கதவு. 1973ல பாஷ் கொண்டு வந்த எல்-ஜெட்ரானிக்னு ஒரு பெட்ரோல் இன்ஜெக்ஷன் சிஸ்டம் அப்படித்தான். 1989ல வந்த முதல் மாஸ்டா மியாட்டா 1.6 கார்லயும் கதவுதான். காத்து அந்தக் கதவத் தள்ளிட்டுப் போகணும், அங்க நெஜமாவே மூச்சு முட்டும். அந்தக் கதைய எடுத்து 2012 வண்டிக்கு ஒட்டறாங்க.

சரி, லைட் ஏன் வந்துச்சு? வெர்னியர் வெச்சு அளந்தேன். பழைய குழாய்ல சென்சார் இருக்கற எடத்துல உள்விட்டம் 64 மில்லிமீட்டர், புதுசுல 70. பரப்பு 20 சதவீதம் பெருசு. அதே காத்து அகலமான குழாய்ல மெதுவாப் போகும், கம்பி கம்மியா ஆறும், சென்சார் கம்மியாச் சொல்லும். ஐடில்ல 2.3 கிராம் காட்டினது இப்ப 1.9. எஞ்சின் குடிக்கறது அதே 2.3! ஈசியூ புகைக்குழாய்ல இருக்கற ஆக்சிஜன் சென்சாரப் பாத்து, "அய்யோ பத்தல"ன்னு 19 சதவீதம் பெட்ரோல் சேத்துச் சேத்து ஊத்திட்டு இருக்கு.

அதுக்கும் மேல ஒண்ணு. காத்து கம்மினு நெனச்சா, எஞ்சினுக்கு லோடு கம்மினும் நெனைக்கும். உடனே இக்னிஷன் டைமிங்க முன்னாடி தள்ளிரும், அதாவது ஸ்பார்க் சீக்கிரமே அடிக்கும். மூணாவது கியர்ல மேடு ஏறும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, ஸ்பார்க் ரொம்ப சீக்கிரம் அடிச்சா வர்ற நாக்கிங் அது, வலி அங்கதான் இருக்கு. அமெரிக்காக்காரங்க ஃபோர்டு மஸ்டாங் 5 லிட்டர் கார்ல இத வேணும்னே பண்ணினாங்க. 1989 மாடல், 225 ஹெச்பி, 55 மில்லிமீட்டர் மேஃப். மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் ஊத்தற இன்ஜெக்டர எடுத்துட்டு 24 போடுவாங்க, கூடவே அதுக்குத் தகுந்த மாதிரி கம்மியாச் சொல்ற மேஃப் ஒண்ணு. ஈசியூவத் தொடாமலே பெட்ரோல் சரியாயிரும், டைமிங் மட்டும் முன்னாடி ஓடிரும். அவங்க தெரிஞ்சு பண்ணினாங்க, எனக்குத் தெரியாம மாட்டி விட்டுட்டாங்க.

அட, ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். இருங்க, இது முக்கியம், இல்லேன்னா அந்தக் கடைக்காரருக்கு அநியாயம். 19 சதவீதத்துக்கே லைட் வந்திருக்காது. எஞ்சின் மேல இருக்கற வால்வ் கவர்லருந்து இந்தக் குழாய்க்கு வர்ற பிரீதர் ஹோஸ் கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. கிட்டுல இருக்கற மூக்கு சின்னது, ஹோஸ் பெருசு, கிளாம்பும் போடல. மேஃப் பாக்காத காத்து அந்த வழியா பிசிவி வால்வுக்கு, அதான் எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய திரும்ப உறிஞ்சற வால்வுக்கு, போய், நேரா உள்ள. அதுவும் சேந்துதான் லைட் எரியற எல்லையத் தாண்டிருச்சு. ஹோஸ மாட்டி லைட்ட அழிச்சேன், திரும்ப வரல. ஆனா அந்த 19 அப்படியேதான் நிக்குது. 700 ரூபா மாட்டுக்கூலில ஒரு ஹோஸ் கிளாம்பு வராதாங்க?

நேத்து பழைய ஏர் பில்டர் பாக்ஸ மாட்ட உக்காந்தேன். சென்சார்ல ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. ஒண்ணு கை நழுவி உள்ள விழுந்துச்சு. டொக், டொக், அப்பறம் சத்தமே இல்ல. ஒரு மணி நேரம் இருபது நிமிசம்! காந்தம் விட்டுப் பாத்தேன், டார்ச் அடிச்சேன், வண்டிய ஆட்டினேன். கீழ பிளாஸ்டிக் கவர்ல எங்கயோ ஒக்காந்திருக்கு. ஹார்டுவேர் கடைல அதே சைஸ் 4 ரூபாய்க்குக் கிடைச்சுது, சில்லற இல்லேன்னு ஆறு வாங்கிட்டு வந்துட்டேன்.

மாட்டி ஓட்டிப் பாத்தேன். ஐடில் 2.3, டிரிம், அதாவது ஈசியூ சேத்து ஊத்தற பெட்ரோல், 2 சதவீதம், டிக் டிக் இல்ல. உறுமலும் இல்ல, அது மட்டும்தான் கொஞ்சம் வருத்தம். குழாயத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம், மாட்டின பொருளாம். ஆல்டிஸ் வெச்சிருக்கவங்க யாரும் வாங்கிடாதீங்க, எனக்கு விக்கவும் மனசு வரல. செல்ப் மேல வெச்சிருக்கேன். அம்மா வந்து, "3,000 ரூபாய்க்கு இவ்ளோ பளபளன்னு குடுக்கறாங்களா, இன்னொண்ணு வாங்கியாடா"ன்னுச்சு.