அழாத சாட்சியும் நம்பாத ஊரும்

போன வாரம், தன் குழந்தையைக் கொன்றதாகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஆஸ்திரேலியத் தாய் லிண்டி சேம்பர்லேன் பற்றிப் பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்தன. அதில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. கோவையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அதே ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஃபால்கோனியோ கொலை வழக்கில் 2005-லேயே ஒருவனைக் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பலர் இன்னும் பீட்டரின் காதலியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். உடலே கிடைக்காமல் எப்படித் தண்டித்தார்கள்? தண்டித்த பிறகும் ஜனங்கள் ஏன் நம்பவில்லை?"

இது இரண்டு கேள்வி. முதலாவது சட்டம், அதற்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது நம்மைப் பற்றியது. அதில்தான் எனக்கு ஆர்வம்.

வழக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டருக்கு 28 வயது, ஜோன் லீஸுக்கு 27. இங்கிலாந்திலிருந்து ஊர் சுற்ற வந்த ஜோடி. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழைய காம்பி வேன். 2001 ஜூலை 14 இரவு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பாரோ க்ரீக் என்ற இடத்தைத் தாண்டிப் போகிறார்கள். பின்னால் வந்த ஒருவன், 'உங்கள் வண்டிப் புகைக்குழாயில் தீப்பொறி பறக்கிறது' என்று சைகை காட்டி நிறுத்துகிறான். பீட்டர் இறங்கிப் பின்பக்கம் போகிறார். ஜோனை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்கிறார். அப்போது 'டமார்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு பீட்டரை யாரும் பார்க்கவில்லை.

அவன் ஜோனின் கைகளைப் பின்னால் வைத்து கேபிள் டையால் கட்டித் தன் வண்டியில் ஏற்றுகிறான். அவர் எப்படியோ குதித்துப் புதருக்குள் ஓடி ஒளிகிறார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

சரி, உடல் இல்லாமல் எப்படி? கொலை நடந்தது என்று நிரூபிக்க உடல் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். சாலையில் பீட்டரின் ரத்தம் கிடந்தது. ஜோனின் டி-ஷர்ட்டில் சின்னதாக ஒரு ரத்தக்கறை, அது பிராட்லி ஜான் மர்டாக்கினுடையது. அவன் ஒரு மெக்கானிக், ப்ரூம் நகரத்துக்காரன், கஞ்சா கடத்திக்கொண்டு அந்தப் பாலைவனத்தைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிப் பழகியவன். வேறு யாரோ ஒருவருடைய ரத்தமாக இருப்பதைவிட இவனுடையதாக இருக்க எத்தனை மடங்கு வாய்ப்பு என்று கணக்குச் சொன்னார்கள்: 15-க்குப் பின்னால் 16 சைபர் போட்டுக்கொள்ளுங்கள். 'ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு கோழிக் கடையில் சாப்பாடு வாங்கினேன்' என்பது அவன் கதை. அங்கே எங்காவது தற்செயலாக ஒட்டியிருக்கலாமே என்றது அவன் தரப்பு. எண்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள். டார்வின் நகரத்தில் இரண்டு மாதம் விசாரணை. 2005 டிசம்பர் 13 அன்று, எட்டு மணி நேரம் ஆலோசித்து, ஜூரியாக உட்கார்ந்த பொதுமக்கள் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை, குறைந்தது 28 வருடம் பரோல் கிடையாது. மேல்முறையீடும் 2007-இல் முடிந்துபோனது.

முதல் கேள்விக்கு இது போதும்.

இப்போது இரண்டாவது. நீதிமன்ற வாசலில் ஜோன் என்ன கேட்டார் தெரியுமா? பீட்டரை என்ன செய்தான் என்பதைத் தனக்கும் பீட்டரின் அப்பா அம்மாவுக்கும் மர்டாக் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாலரை வருடமாக வெளியே பேச்சு வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 'அவள் ஏன் அழவே இல்லை?' என்பதுதான் அந்தப் பேச்சின் வேர். சம்பவம் நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்தபோது அவர் அணிந்திருந்த சட்டையில் 'குறும்புக்காரக் குரங்கு' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தது. அது போதாதா! முன்கூட்டி எழுதிக் கொடுத்த கேள்விகளில் மூன்றுக்கு மட்டும் பதில் சொன்னார் என்பது அடுத்த குற்றம். பிறகு ஒரு டிவி பேட்டிக்கு ஐம்பதாயிரம் பவுண்டு வாங்கினார். சிட்னியில் வேறொருவரோடு சிறிது காலம் நெருக்கமாக இருந்ததும் வெளியே வந்தது. அதை முதலில் மறைத்தார் என்பது உண்மை. நான் மழுப்பவில்லை. ஆனால் மறைத்தது அந்த உறவை, கொலையை அல்ல. ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் உங்களுக்குத் தெரியும், பழைய நேயர்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். முகம் சாட்சி இல்லை. 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பசிக்குச் சொன்ன பழமொழி. நாம் அதைத் துக்கத்துக்கும் வைத்துக்கொண்டோம். அழுதால்தான் அனுதாபம்.

எங்கள் பெரியப்பா இறந்த அன்று பெரியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கூடத்தில் ஒப்பாரி நடக்கிறது. இவர் திண்ணையில் உட்கார்ந்து பால்காரரோடு அந்த மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். எத்தனை லிட்டர், எத்தனை நாள் நின்றது, பாக்கி எவ்வளவு. 'கல்நெஞ்சுக்காரி' என்று தெரு முழுக்கப் பேச்சு. சொத்துக்காகக் காத்திருந்தாள் என்றுகூட ஒருவர் சொன்னார், இத்தனைக்கும் சொத்து என்று எதுவும் கிடையாது. பல வருடம் கழித்து அவரிடமே கேட்டேன். "பால் கணக்கு எப்பவும் அவருதானே பார்ப்பாரு. அன்னிக்கு யாரு பார்க்கிறது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்கி ஜூரியாக உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

நேயர் லிண்டியையும் இதில் இழுத்திருக்கிறார், அது நியாயமான இழுப்புதான். 1980-இல் உலுரு பாறையடியில் முகாம் போட்டிருந்த குடும்பம். இரண்டு மாதக் கைக்குழந்தை அசாரியாவை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப் போனது என்றார் அம்மா. அவரும் டிவியில் அழவில்லை. அசாரியா என்ற பெயருக்கே 'வனாந்தரத்தில் பலி' என்று அர்த்தம் எனப் புரளி கிளம்பியது. அப்படி ஓர் அர்த்தமே இல்லை. 1982-இல் அதே டார்வினில் ஆயுள் தண்டனை. காரில் குழந்தையின் ரத்தம் தெறித்திருக்கிறது என்று நிபுணர் சொன்னார். கடைசியில் அது என்ன? சத்தம் கேட்காமலிருக்கக் கார் தொழிற்சாலையில் அடித்த பூச்சு. 1986-இல் குழந்தையின் மேலாடை டிங்கோக்கள் திரியும் பகுதியில் கிடைத்த பிறகு விடுவித்தார்கள். 1988-இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று அதிகாரப்பூர்வமாக எழுத 2012 வரை ஆனது.

ஆக, 'அதே டார்வின், அதே மாதிரி ரத்தம், அதே மாதிரி நிபுணர்' என்று ஒருவர் மர்டாக் வழக்கிலும் சந்தேகப்பட்டால் நான் அவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். கேபிள் டையில் டிஎன்ஏ எடுத்த முறை பற்றி விவாதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் லிண்டி வழக்கில் பூச்சை ரத்தம் என்றார்கள். இங்கே டி-ஷர்ட்டில் இருந்தது ரத்தம்தான், யாருடையது என்பதும் தெளிவாக வந்தது. ஆய்வுக்கூடம் தப்புச் செய்யும் என்ற பாடத்தை ஜனங்கள் லிண்டியிடம் கற்றுக்கொண்டார்கள். நல்லது. தங்கள் கண் தப்புச் செய்யும் என்ற பாடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். லிண்டியை அழாததற்காகத் திட்டியது தவறு என்று ஒப்புக்கொண்ட அதே வாய், ஜோன் அழாததைப் பெரிய தடயம்போலப் பேசியது.

நண்பரே, நீங்கள் கேட்டதைவிட நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த ஐந்து மணி நேரம் அவர் என்ன செய்தார்? இதை யாரும் கேட்பதே இல்லை. கை பின்னால் கட்டியிருக்கிறது. ஜூலை என்றால் அங்கே குளிர்காலம். அவன் டார்ச் அடித்துத் தேடுகிறான். இவர் உடம்பை வளைத்து, கட்டிய கையைக் காலுக்கு அடியில் நுழைத்து முன்னால் கொண்டுவருகிறார். 'அது நடக்காத காரியம்' என்றார்கள். நீதிமன்றத்தில் செய்தே காட்டினார். கட்டு வழுக்கி வராதா என்று உதட்டுத் தைலத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். அந்தத் தைல டப்பாவின் மூடி அவர் சொன்ன புதரடியிலேயே கிடைத்தது. அப்புறம் எனக்குப் பிடித்த இடம்: சாலையில் கார் வெளிச்சம் வருகிறது. இவர் வெளியே வரவில்லை, அவனாக இருந்துவிட்டால்? பெரிய லாரி சத்தம் கேட்கும்வரை காத்திருக்கிறார். அந்த ஊரில் ரோட் ட்ரெய்ன் என்பார்கள், பின்னால் டிரெய்லர்களை ரயில்போலக் கோத்த லாரி. அதை மறித்துத்தான் உயிர் பிழைத்தார்.

இவ்வளவு நிதானமாக யோசித்த ஒருவர், பத்து நாள் கழித்து கேமரா முன்னாலும் அதே நிதானத்தோடு உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அன்றிரவு அவரைக் காப்பாற்றிய குணம்தான் பகலில் அவரைக் காட்டிக்கொடுத்தது. தரையில் உருண்டு அழுபவராக இருந்திருந்தால் அந்தப் புதரிலேயே கதை முடிந்திருக்கும்.

சாட்சி சொன்னதில் முரண்பாடு இல்லையா என்றால், இருந்தது. அவன் வண்டியில் முன்னாலிருந்து பின்னால் போக உள்ளேயே வழி இருந்ததாக முதலில் சொன்னார், பிறகு அதில் உறுதி இல்லை என்றார். நான் ஒரு தடவை பைக்கில் அடிபட்டுவிட்டு, இடித்த லாரி நீலம் என்று எழுதிக் கொடுத்தேன். அது பச்சை. பகல் பன்னிரண்டு மணி, துப்பாக்கியும் கிடையாது.

கடைசியாக இன்னொரு நேயர் கேட்டது, இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: உடல் எப்போதாவது கிடைக்குமா? உடல் எங்கே என்று சொல்லாத கொலையாளிக்குப் பரோல் இல்லை என்று டார்வினும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸும் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் 2016-இல் சட்டம் போட்டார்கள். மர்டாக் அப்போதும் வாய் திறக்கவில்லை. கடைசிவரை 'நான் செய்யவில்லை' என்றுதான் சொன்னான். 2025 ஜூனில் போலீஸ் ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர்வரை வெகுமதி அறிவித்தது. அவன் புற்றுநோயில் படுத்திருந்தான். ஜூலை 15 அன்று, பீட்டர் காணாமல்போய் 24 வருடம் நிறைந்த மறுநாள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் செத்துப்போனான். பீட்டரின் வயதான பெற்றோர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். அடுத்தது ஈரோட்டிலிருந்து, ஜூரி முறை இந்தியாவில் ஏன் போனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது பெரிய கதை, அடுத்த வாரம்.