வறுக்கிற கடையில் நூறு கிராம்

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரி குடகில் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். இந்தியாவில் காப்பி அதிகமாக விளைகிற மாவட்டமும் அதே குடகுதான். ஐப்பசி பிறக்கும்போது தலைக்காவிரியில் துலா சங்கிரமணம், இங்கே மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுக்கு. அந்த மாதம் கழிந்து கார்த்திகை வந்தால் மலையில் அரபிகா என்கிற காப்பி வகையின் பழத்தைப் பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் ரோபஸ்டா என்கிற இன்னொரு வகை. நம் டெல்டா நெல் விளைகிற பூமி, காப்பி விளைகிற பூமி இல்லை. ஆனாலும் காப்பி இல்லாமல் இங்கே பொழுது விடிவதில்லை. அதனால்தான் கொட்டையை வாங்கி வறுத்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கிற சின்னக் கடைகள் நம் ஊர்களில் வந்தன. மயிலாடுதுறையில் அப்படி ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கடைவீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. அண்ணனும் தம்பியுமாக நடத்துகிறார்கள். தம்பி வாசலில் பாய்லரோடு நின்று டீ ஆற்றுகிறார். அண்ணன் உள்ளே வறுக்கிறார். நடுவில் தராசும் அரைவை மெஷினும். கடை மொத்தமே அவ்வளவுதான். ஆனால் வறுக்கிற நாளில் தெருமுனை வரைக்கும் வாசனை வந்து ஆளைக் கூப்பிடும்.

பச்சைக் கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், அது காப்பி என்றே தோன்றாது. சாம்பல் பூத்த பச்சை நிறம், வைக்கோல் மாதிரி ஒரு மணம். அதை உருளையில் கொட்டித் தீ மூட்டியதும் முதலில் மஞ்சளாகிறது, அப்புறம் மெல்லப் பழுப்பேறுகிறது. மேல்தோல் உரிந்து சருகாகப் பறக்கிறது. சூடு இருநூறு டிகிரியை ஒட்டி வரும்போது உருளைக்குள்ளே படபடவென்று வெடிக்கிற சத்தம். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் கொட்டையைப் பிளந்துகொண்டு வருகிற சத்தம் அது. அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். சின்னக் கரண்டியால் நாலு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், மறுபடி உள்ளே போடுகிறார். மெஷினில் சூடு காட்டுகிற முள் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் முடிவு எடுப்பது காதும் மூக்கும்தான். இன்னும் அரை நிமிஷம் விட்டால் கருகல் வாடை ஏறிவிடும். ஒரே தள்ளில் எல்லாவற்றையும் தட்டில் இறக்கி, காற்றைத் திறந்துவிட்டு, ஆறியபின் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். களத்துமேட்டில் நெல்லைக் கடித்துக் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற நம்மூர் விவசாயியின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். "சரியா வந்திருக்குங்க" என்றார்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுபட்டு இறங்கும்போது எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிராம்தான் நிற்கும். பொடி விலையைப் பேசும்போது இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். அதோடு பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததில் உலகச் சந்தையே ஏறியது. 2025 பிப்ரவரியில் அரபிகா விலை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அது இந்தச் சந்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. விலையைக் கூட்டாமல், பொடியில் கலக்கிற சிக்கரி வேர்த்தூளைச் சத்தமில்லாமல் கூட்டுவது எளிது. இவர்கள் கூட்டவில்லை. விலையைத்தான் ஏற்றினார்கள். வந்தவர்களிடம் காரணத்தையும் சொன்னார்கள். எனக்கு இந்தக் கடைமேல் மதிப்பு வந்தது அங்கேதான்.

நான் இருந்தபோது வயதான அம்மா ஒருவர் வந்தார். "தம்பி, எண்பது இருபதுல நூறு கொடு. பீபெரி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். போன தடவை டிகாக்ஷன் எறங்கவே மாட்டேன்னுது." அண்ணன் உடனே, "நைசா அரைபட்டிருக்கும்மா, இன்னிக்கு ஒரு சுத்து தளர்த்தி அரைச்சுத் தர்றேன்" என்றார். எண்பது இருபது என்றால் காப்பி எண்பது பங்கு, சிக்கரி இருபது பங்கு. பீபெரி என்பது, ஒரு பழத்தில் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டிருக்கிற கொட்டை. சிக்கரி என்பதோ ஜாம்நகர் பக்கமும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிற ஒரு செடியின் வேர். அதில் காஃபின் கிடையாது. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். அளவோடு இருந்தால் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலவைப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

பொடியில் சிக்கரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

கொட்டை எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் குடகிலிருந்து, கொஞ்சம் கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி மலையிலிருந்து என்றார்கள். இப்படி நேரே வாங்குவது அவர்கள் அப்பா காலத்தில் நடந்திருக்காது. 1942-ஆம் வருஷத்துக் காப்பிச் சட்டத்தின்படி, விளைந்ததெல்லாம் காப்பி வாரியத்தின் தொகுப்புக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே வரும். தொண்ணூறுகளில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-க்குள் நீங்கியது. அதற்குப் பிறகுதான் ஒரு சின்னக் கடைக்காரர் மலையேறி, தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேசி, இரண்டு மூட்டை வாங்கி வர முடிந்தது.

டீக்கு வருகிறேன். நீலகிரியிலிருந்து வருகிற இரண்டு வகை டஸ்ட்டை, அதாவது நைசான தேயிலைத் தூளை, தம்பி கலக்கிறார், ஒன்று நிறத்துக்கு, இன்னொன்று மணத்துக்கு. சாயம் போட்ட தூளைக் கண்டுபிடிக்க ஈர வடிதாளில் கொஞ்சம் தூவினால் போதும் என்று செய்தே காட்டினார். சாயத்தூள் என்றால் அந்த நிமிஷமே கறை பரவும். அவருடைய தூளில் பரவவில்லை. அந்தத் தூளில் போட்ட டீயையும் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வறுவல் கடை இருக்கும். கும்பகோணத்தில், மன்னார்குடியில், திருவாரூரில் தேடிப் பாருங்கள். போய் நூறு கிராம் மட்டும் கேளுங்கள். அரைத்த பொடி காற்றுப் பட்டதும் மணம் இழக்கத் தொடங்கிவிடும். மாதத்துக்கு ஒரே தடவையாக அரைக் கிலோ வாங்கி வைத்தால், கடைசி வாரம் வெறும் கசப்பைத்தான் குடிப்போம். என்ன கொட்டை, என்றைக்கு வறுத்தது, சிக்கரி எத்தனை பங்கு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் நல்ல கடைக்காரர் சந்தோஷப்படுவார். வீட்டுக்கு வந்து பொடியை ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடுங்கள். பில்டரில் பொடியை லேசாக அமுக்கி, கொதி அடங்கிய தண்ணீரைச் சுற்றி ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் தொடாமல் விட்டுவிடுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். டிகாக்ஷனை மட்டும் கொதிக்க விடாதீர்கள்.

வணக்கம்.