நின்றவர்கள் மேல் பழி போடாதீர்கள்

நடுவர் அவர்களே, என் அணி நண்பர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணிப் பெரியவர்களே (அவர்கள் உட்கார்ந்துதானே இருப்பார்கள்!), பொங்கல் விழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் லண்டன் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'இங்கிலாந்து கால்பந்து மைதானங்களில் நின்று பார்க்கும் இடங்கள் திரும்பி வந்தது சரியா, தவறா?' இதுதான் தலைப்பு. சரி என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, தவறு என்பதற்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார். ஹில்ஸ்பரோ. சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அரங்கமும் அடங்கிப்போனது. அந்த மௌனத்துக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அக்கா அந்த மௌனத்தையே தன் வாதமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன். என் நேரத்தில் பாதி அதற்கே போனாலும் போகட்டும்.

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும். லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்கள் உள்ளே போக எத்தனை சுழல் கதவுகள் தெரியுமா? ஏழு. பத்தாயிரம் பேருக்கு ஏழு கதவு! மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டரைக்கே வாசலில் மூச்சு முட்டும் கூட்டம். 2.52க்கு, அன்று பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட், பக்கத்திலிருந்த பெரிய வாசலைத் திறக்கச் சொன்னார்.

திறந்ததைக் கூட நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே நெரிசலில் யாராவது செத்துவிடுவார்கள் என்ற நிலை. ஆனால் அந்த வாசலுக்கு நேர் எதிரே ஒரு சுரங்க வழி இருந்தது. அது போய்ச் சேரும் இடம் மூன்றாம், நான்காம் எண் அடைப்புகள். அடைப்பு என்று நானாகச் சொல்லவில்லை. ஆடு மாடு அடைக்கும் பட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ, அதே சொல்லால்தான் அவற்றை அழைத்தார்கள். அந்த இரண்டும் ஏற்கெனவே நிறைந்து வழிந்தன. இரு பக்கமும் இருந்த மற்ற அடைப்புகளில் தாராளமாக இடம் இருந்தது. சுரங்க வழியின் வாயில் நாலு பேர் நின்று, "இந்தப் பக்கம் போகாதீங்க, அந்தப் பக்கம் போங்க" என்று கை காட்டியிருந்தால் போதும். யாரையும் நிறுத்தவில்லை. வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழியில் போனார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு ஓட வழியில்லை, ஏனென்றால் ஆடுகளத்துக்குள் யாரும் இறங்கிவிடக் கூடாது என்று உயரமான கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள். அதற்குள் பலர் நசுங்கியிருந்தார்கள். 97 பேர். அன்று பட்ட காயத்தோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தவர்தான் அந்த 97ஆவது ஆள்.

அப்புறம் நடந்தது இன்னும் கொடுமை. ரசிகர்களே வாசலை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்றே போலீஸ் தரப்பில் பொய் சொன்னார்கள். குடித்துவிட்டு வந்தார்கள் என்றார்கள். நாலு நாளில் ஒரு பத்திரிகை அதைத் தலைப்புச் செய்தியாகவே போட்டது. லிவர்பூலில் பல கடைகளில் அந்தப் பத்திரிகையை இன்றுவரை விற்பதில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் விடவில்லை. 2012இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை வந்தது. 2016இல் மரண விசாரணை ஜூரி தீர்ப்புச் சொன்னது: இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

27 ஆண்டுகள் போராடி வாங்கிய தீர்ப்பு அது. இன்று வந்து, "நின்று பார்த்தார்கள், அதனால்தான் செத்தார்கள்" என்று சொன்னால் என்ன அர்த்தம்? பழி மறுபடியும் ரசிகன் தலையில்தான் விழுகிறது. அக்காவுக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாதம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

"அப்படியென்றால் டெய்லர் ஏன் எல்லோரையும் உட்காரச் சொன்னார்?" என்று எதிரணி மருத்துவர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. முழுக்க இருக்கை வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தது உண்மை. அதன்படி மேல் இரண்டு டிவிஷன் கிளப்புகளுக்கு 1994 ஆகஸ்ட்வரை கெடு வைத்தார்கள். ஆனால் அதே அறிக்கையில், நிற்பது தன்னளவில் ஆபத்தானது அல்ல என்றும் அவர் எழுதியிருக்கிறார். முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாடு தவறியதுதான் என்று முதல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். இருக்கை இருந்தால் தலையை எண்ணலாம், எண்ணினால் கட்டுப்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. அன்றைய மைதானங்கள் இருந்த லட்சணத்துக்கு அது நியாயமான கணக்குதான். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

ஆனால் நாற்காலி போட்டால் உயிர் பிழைக்கும் என்பது சட்டம் அல்லவே. ஹில்ஸ்பரோவுக்கு நாலு வருடம் முன்னால், 1985 மே 11 அன்று, பிராட்ஃபோர்டு மைதானத்தில் பழைய மர மாடம் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பலகைகளுக்கு அடியில் வருடக்கணக்காகக் குப்பை சேர்ந்திருந்தது. பின்பக்கம் ஓடியவர்கள் பூட்டிய கதவில் முட்டினார்கள். அது இருக்கைகள் போட்ட மாடம், நடுவர் அவர்களே. அதற்காக நாற்காலியைத் தடை செய்தோமா? குப்பையை அள்ளச் சொன்னோம், கதவைத் திறந்து வைக்கச் சொன்னோம். 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் 66 பேர் இறந்தது ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில். படிக்கட்டைத் தடை செய்ய முடியுமா? 1946இல் போல்டனின் பேர்ன்டன் பார்க்கில் 33 பேர் இறந்தது நிற்கும் இடத்தில்தான், மறைக்கவில்லை. ஆனால் அதுவும் கொள்ளளவுக்கு மேல் ஆட்களைத் திணித்த கதை. திணிக்கிற வரைக்கும் நின்றாலும் ஆபத்து, உட்கார்ந்தாலும் ஆபத்து.

சரி, பழசை விடுவோம். 1994க்குப் பிறகு ரசிகர்கள் உட்கார்ந்துவிட்டார்களா?

நம்ம ஊரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. அங்கே நாற்காலி இல்லையா? இருந்தது. தலைவர் திரையில் வந்ததும் யாராவது உட்கார்ந்தீர்களா? அதே கதைதான் இங்கேயும். முப்பது வருடமாக, குறிப்பாக வெளியூர் ரசிகர்களுக்கான பகுதியில், தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். இருக்கை இருக்கிறது, அது முழங்காலுக்குக் கீழே இடிக்கிற ஒரு தடங்கலாக இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். எந்த மைதானம் என்று கேட்காதீர்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கடைசி இரண்டு நிமிடத்தில் எங்கள் அணி கோல் போட்டது. பின்வரிசை ஆள் என் முதுகில் விழுந்தார். முன்வரிசை நாற்காலியின் பிளாஸ்டிக் விளிம்பு என் கணைக்காலில் சரியாகப் பட்டது. நான் அப்படியே குப்புற அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார். நான் விழுந்தேன் என்பதே அவருக்குத் தெரியாது! மூன்று வாரம் நொண்டினேன். பையன் இன்னும் சிரிக்கிறான். என் இடத்தில் அவன் விழுந்திருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்.

இப்போது வந்திருப்பது என்ன? 1989இன் டெரஸ், அதாவது இருக்கையே இல்லாத அந்தப் பழைய நிற்கும் மேடை, திரும்பி வரவில்லை. எதிரணி நண்பர்கள் இதைக் கவனிக்காமலே பேசுகிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடுப்பு உயரத்துக்குப் பலமான இரும்புக் கம்பி. அதோடு சேர்ந்தே மடக்கி நிமிர்த்தும் இருக்கை. ஒரு இருக்கைக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். ஜெர்மனியில் இதே இடத்தில் கூடுதலாக ஆள் நிறுத்துவார்கள். இங்கே அதற்கும் அனுமதி இல்லை. உட்கார்ந்தால் எத்தனை பேரோ, நின்றாலும் அத்தனை பேர். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட டிக்கெட், மேலே கேமரா. பின்னால் இருந்து ஆயிரம் பேரின் எடை வந்து அழுத்த வழியே இல்லை. அழுத்தினால் உங்கள் கம்பி தாங்கும்.

இதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முழுக்க இருக்கை வேண்டும் என்ற சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது என்பதால் 2016இல் அங்குள்ள செல்டிக் கிளப் முதலில் போட்டது. 2018இல் ஷ்ரூஸ்பரி என்ற சின்ன கிளப், ரசிகர்களிடம் பணம் திரட்டிப் போட்டது. அவர்கள் மூன்றாவது டிவிஷன் என்பதால் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அதே ஆண்டு வெஸ்ட் பிராம்விச் கேட்டபோது அரசு மறுத்தது. 2022 ஜனவரியில்தான் செல்சி, மான்செஸ்டரின் இரண்டு கிளப்புகள், டாட்டன்ஹாம், கார்டிஃப் என்று ஐந்து இடங்களில் சோதனை. முதல் ஆட்டம் எது தெரியுமா? செல்சிக்கும் லிவர்பூலுக்கும். 2–2. நாலு கோல், நாலு கொண்டாட்டம். மைதானப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வு வைத்துப் பார்த்தது. கோல் விழும்போது வரிசை தாண்டி விழுவது இந்தக் கம்பிகளால் குறைகிறது என்று சொன்னது. அடுத்த சீசனிலிருந்து மற்ற கிளப்புகளுக்கும் கதவு திறந்தது.

இன்னொரு வேடிக்கை. இந்தத் தடை கால்பந்துக்கு மட்டும்தான். க்ளஸ்டர் நகரின் கிங்ஸ்ஹோம் மைதானத்தில் 'ஷெட்' என்ற பகுதியில் ரக்பி ரசிகர்கள் காலங்காலமாக நின்றுதான் பார்க்கிறார்கள். வெம்ப்ளி ஆடுகளத்தில் இசை நிகழ்ச்சி என்றால் ஆயிரக்கணக்கில் நிற்கலாம், ஆடலாம். அதே ஆளின் கழுத்தில் கால்பந்து ஸ்கார்ஃப் இருந்தால் மட்டும் உட்காரு என்றது சட்டம். யாரைப் பார்த்துப் பயந்தார்கள்?

குழந்தைகளும் குள்ளமானவர்களும் என்ன செய்வார்கள் என்றார் அக்கா. நியாயம். அவர்களுக்குத்தான் இது நல்லது என்பேன். நிற்க விரும்புபவர்களுக்கு ஒரு பகுதி கொடுத்துவிட்டால், மற்ற பகுதியில் முன்னால் நிற்பவரைப் பார்த்து "உட்காருங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது. இப்போது சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று!

டிக்கெட் விலை குறையாது என்றும் சொன்னார்கள். அதில் நான் வாயைத் திறக்க முடியாது. டெய்லர் தன் அறிக்கையில் ஐப்ராக்ஸைக் காட்டி, நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு என்று எழுதினார். ஏழை ரசிகனுக்கு இது கட்டுப்படியாகும் என்று நம்பினார். இந்த அரங்கில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் இப்போது பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. விலை விஷயத்தில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள், நடுவரே.

ஆனால் ஹில்ஸ்பரோவுக்குப் போடாதீர்கள். 1994 ஏப்ரல் 30, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக் கோப் மாடத்தில் ரசிகர்கள் நின்று பார்த்த கடைசி நாள். நார்விச்சிடம் 0–1 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்தும் பலர் கிளம்ப மனமில்லாமல் நின்றார்கள். 2017இல் லிவர்பூல் ரசிகர் சங்கம் ரசிகர்களிடம் இதைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தியது. அதற்கு முன் பலியானவர்களின் குடும்பங்களையும் உயிர் தப்பியவர்களையும் கலந்து பேசியது. எல்லாக் குடும்பங்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதவர்களிடம் போய் வாதாட எனக்கு வாய் வராது. வாக்களித்தவர்களில் 88 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். 2021இல் அந்தக் கோப் மாடத்திலேயே கம்பி வைத்த இருக்கைகள் வந்தன. 97 பேரைப் பறிகொடுத்த கிளப்பின் சொந்த மைதானம் அது, அக்கா.

மணி அடித்துவிட்டார் நடுவர். இவ்வளவு நேரம் நின்று பேசிவிட்டேன். உட்காருகிறேன்.