78 கிலோ ஆளுக்கு 80 லிட்டர் போர்டு போதுமா? விங் ஃபாயில் கேள்வி பதில்

வணக்கம். விங் ஃபாயில்னா, காத்தடிச்ச விங்கைக் கையில பிடிச்சுக்கிட்டு, அடியில ஃபாயில்ங்கற இறக்கை மாட்டின போர்டுல நின்னு, தண்ணிக்கு மேல எழும்பிப் போற விளையாட்டு. ராமநாதபுரத்துல இருந்து ஒரு நண்பர் கேக்கறார்: "என் எடை 78 கிலோ. விங் ஃபாயில் இப்பதான் கத்துக்கப் போறேன். தெரிஞ்சவர் ஒருத்தர் 80 லிட்டர் போர்டு, 900 சதுர சென்டிமீட்டர் ஃபாயில், 6 சதுர மீட்டர் விங், மூணையும் சேர்த்து சல்லிசா தர்றேங்கறார். வாங்கலாமா?"

போர்டும் ஃபாயிலும் வேண்டாங்க. விங்கைப் பத்தி கடைசியில சொல்றேன்.

ஏன் வேண்டாம்? கூட்டிப் பாருங்க. நீங்க 78, போர்டு ஒரு 6, ஃபாயில் 4, விங் 3, அதுக்கு மேல நனைஞ்ச துணி, பாதுகாப்பு வெஸ்ட். 90 கிலோவைத் தாண்டிடுச்சு. 80 லிட்டர் போர்டு தூக்கறது ஏறக்குறைய 80 கிலோதான். அப்ப நீங்க ஏறி நின்னா போர்டு காலுக்குக் கீழ முங்கிடும். பழகினவங்க விங்கோட இழுப்பை வச்சே அதை மேல கொண்டுவந்துடுவாங்க. புதுசா வர்றவங்க முழங்கால் போட்டு ஏறவே அரை நாள் போயிடும். உங்க எடையோட 30ல இருந்து 40 வரைக்கும் கூட்டிக்கங்க. உங்களுக்கு 110, 115 லிட்டர். அகலம் 70 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இப்ப நீளமா ஒடுக்கமா போர்டு நிறைய வருது. சீக்கிரம் வேகம் எடுக்கும், உண்மைதான். ஆனா பக்கவாட்டுல ஆடும், நிக்கப் பழகாதவங்களுக்கு அது ஆகாது. இன்னொண்ணு, பெரிய போர்டு கொஞ்ச நாள்லயே உங்களுக்குத் தேவைப்படாமப் போயிடும். வாடகைக்குக் கிடைச்சா வாடகைக்கே எடுங்க.

காசைப் போட வேண்டியது ஃபாயில்லதான். தண்ணிக்கு அடியில இருக்கற முன் இறக்கையைச் சொல்றேன், கையில பிடிக்கிற விங் வேற. அந்த இறக்கை தர்ற தூக்கு விசை, பரப்பளவையும் வேகத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது. 1800 சதுர சென்டிமீட்டர்ல எழும்பற ஆளு 900ல எழும்பணும்னா கிட்டத்தட்ட 1.4 மடங்கு வேகம் வேணும். அந்த வேகம் உங்ககிட்ட இன்னும் இல்லை! அதுலயும் ஒல்லியா நீளமா இருக்கற இறக்கைன்னா, வேகம் குறைஞ்சதும் பொசுக்குனு கீழ போட்டுடும். நடுத்தர வடிவத்துல 1700ல இருந்து 2000க்குள்ள பாருங்க. ஒரு கம்பெனி இறக்கை இன்னொரு கம்பெனி தண்டுல பெரும்பாலும் சேராது. அதனால பழகினதுக்கு அப்புறம் சின்ன முன் இறக்கை மட்டும் தனியா வாங்கி மாட்டற மாதிரி ஒரு செட்டா எடுங்க.

மாஸ்ட், அதாவது போர்டையும் அடியில இருக்கற இறக்கையையும் இணைக்கற கம்பம், அதோட நீளம் உங்க ஊருக்கு முக்கியமான விஷயம். பாக் நீரிணைப் பக்கம் தூரம் வரைக்கும் ஆழம் கம்மி. 85 சென்டிமீட்டர் மாஸ்ட் வச்சா நெஞ்சளவு தண்ணி வரைக்கும் போர்டைக் கொண்டுபோகணும். 70, 75 போதும், விழுந்தாலும் உயரம் குறைச்சல். கடல்தாழையும் அங்க அதிகம். மாஸ்ட்லயும் இறக்கையிலயும் சுத்திக்கிட்டா ஃபாயில் எழும்பாது. காத்து இல்லைன்னு நினைச்சு விங்கை வீசிக்கிட்டே இருக்காதீங்க. போர்டைப் புரட்டிப் போட்டு ஒரு தடவை பாருங்க.

மாஸ்டை முதல்ல போர்டுக்கு அடியில இருக்கற தடத்துக்கு நடுவுல மாட்டுங்க. மூக்கு சும்மா சும்மா மேல தூக்குதுன்னா ஒரு சென்டிமீட்டர் பின்னாடி தள்ளுங்க. எவ்வளவு வேகம் போனாலும் எழும்பலைன்னா ஒரு சென்டிமீட்டர் முன்னாடி. ஒரு சென்டிமீட்டருக்கே வித்தியாசம் நல்லாத் தெரியும்.

இப்ப அந்த 6 மீட்டர் விங். 12ல இருந்து 15 நாட் காத்துக்கு உங்க எடைக்கு அது சரி. 15ல இருந்து 20 நாட், அதாவது மணிக்கு 28ல இருந்து 37 கிலோமீட்டர், அடிக்கற நாள்ல 5 மீட்டர்தான் கைக்கு அடங்கும். பெரிசா இருந்தா சீக்கிரம் எழும்பிடலாம்னு நினைப்பாங்க. நுனி தண்ணியில தட்டி, விங் தலைகீழாக் கவுந்து, அதை நிமிர்த்தறதுலயே கை ஓய்ஞ்சுடும். ஒரே ஒரு விங்தான் வாங்கப் போறீங்கன்னா 5. அந்த ஆறை எடுக்கறதா இருந்தா, மேல அச்சடிச்சிருக்கற அழுத்தத்துக்குக் காத்தடிச்சு நிழல்ல ஒரு ராத்திரி விட்டு வைங்க. காலையில தொளதொளன்னு இருந்தா உள்ள பை ஒழுகுது, இல்ல வால்வு.

ஹெல்மெட், வெஸ்ட், போர்டுக்கு ஒரு லீஷ் (உடம்போட சேர்த்துக் கட்டிக்கற கயிறு), விங்குக்கு ஒரு லீஷ், இது இல்லாம இறங்காதீங்க. கரையில இருந்து கடலைப் பார்த்து காத்து அடிக்கற நாள்ல இறங்கவே வேண்டாம்.

வேற பழைய ஃபாயில் பார்க்கப் போனா, விக்கறவரையே போல்ட் எல்லாம் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. அலுமினிய மாஸ்ட்ல கார்பன் இறக்கையை மாட்டி, உப்புத்தண்ணியோட அப்படியே விட்டிருந்தா அரிச்சுப் பிடிச்சிருக்கும். அவராலயே கழட்ட முடியலைன்னா விலை பேசாம வந்துடுங்க.